கண்டியில் தொடங்கும் வீதி

யாழ்ப்பாண வீதி என்று நாம் சொல்லும் ஏ-9 நெடுஞ்சாலை தொடங்குவது எங்கள் கண்டியில்தான். கண்டியில் வசிப்பவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, வவுனியா, கிளிநொச்சி என்று சுமார் 320 கிலோமீற்றர் ஓடி அது யாழ்ப்பாணத்தில் முடிகிறது. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அந்த வீதியில் ஏறிவிடலாம்.

பத்திரிகை ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில் அந்த வீதி திறக்கப்பட்டதற்கும் மூடப்பட்டதற்கும் நான் தலைப்பு எழுதியிருக்கிறேன். 2002இல் சமாதான உடன்படிக்கையை அடுத்துத் திறந்தார்கள். 2006 ஆகஸ்டில் மூடினார்கள். போர் முடிந்தபின் மறுபடியும் திறந்தார்கள். வடக்கைப் பற்றி எத்தனை ஆயிரம் வரிகளைத் திருத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் என் குடும்பத்தை அந்த வீதியில் அநுராதபுரத்துக்கு அப்பால் நான் அழைத்துச் சென்றதே இல்லை. போர்க்காலத்தில் முடியவில்லை என்று சொல்லலாம். அதற்குப் பிந்திய ஆண்டுகளுக்கு என்ன காரணம் சொல்வது? வேலை, பிள்ளைகளின் படிப்பு, பிறகு மூட்டுவலி. இப்படியே காலம் போனது.

2023ஆம் ஆண்டின் கடைசியில் ஒருநாள் இரவு டொரன்டோவிலிருந்து தம்பி பேசினான். 1983க்குப் பிறகு போனவன். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போவான்.

“அண்ணே, அம்மாவுக்கு வயசு எண்பத்து நாலு ஆகுது. இந்த முறை எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து ஒரு பயணம் போவோம். அலாஸ்கா. கப்பல்ல ஏழு நாள், தரையில அஞ்சு நாள். அம்மா கப்பல்ல ஏறினதே இல்ல.”

நான் செய்திக்காரன் அல்லவா? மறுநாளே விவரம் சேகரிக்க உட்கார்ந்துவிட்டேன். வான்கூவர் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். கரையோரத் தீவுகளுக்கு இடையே காற்றடங்கிய கால்வாய்கள் வழியாகக் கப்பல் வடக்கே போகும். கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே ஆகிய ஊர்களில் நிற்கும். பனிப்பாறைக் குடாவில் ஒரு பகல் முழுவதும் மெல்ல நகரும். பனியாறு உடைந்து கடலில் விழுவதைப் பயணிகள் மேல்தட்டில் நின்று பார்ப்பார்கள். பிறகு கரையிறங்கி, ரயிலேறித் தெனாலி தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். அங்கே கரடி உண்டு, கரிபு மான் உண்டு, 6,190 மீற்றர் உயர மலை உண்டு. மேயில் தொடங்கிச் செப்டெம்பர் வரை பருவகாலம். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

வாசிக்க வாசிக்க எனக்கே ஆசை பிறந்தது. பேரப்பிள்ளைகள் இருவரும் ‘எத்தனை கரடி?’ என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மனைவி மட்டும் நடைமுறையில் நின்றாள். “அத்தைக்கு இரண்டு நாட்டு விசா எடுக்க வேண்டும். கொழும்புக்கு எத்தனை தடவை அலைவது? கண்டியிலிருந்து கொழும்புக்குப் போய்வந்தாலே அவருக்குக் கால் வீங்கிவிடுகிறது.” பணக்கணக்கும் இருந்தது. 2022க்கு முன் 200 ரூபாவாக இருந்த டொலர் அப்போது 300 ரூபாவைத் தாண்டி நின்றது. தம்பி பாதியைத் தருவதாகச் சொன்னான். ஓய்வூதியக்காரனுக்கு மற்றப் பாதியே மலைப்பாக இருந்தது.

இப்படி இரண்டு வாரம் பேசினோம். வாட்ஸ்அப்பில் ஒரு குழு, கணினியில் ஓர் அட்டவணை, கப்பல் கம்பனிகளின் ஒப்பீடு. யாருக்கு எந்த அறை, யார் அம்மாவுடன் படுப்பது என்பதுவரை முடிவாகியிருந்தது. ஒன்று மட்டும் நடக்கவில்லை. எண்பத்து நான்கு வயதுக்காரரிடம், ‘உங்களுக்கு எங்கே போக வேண்டும்?’ என்று எவரும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகள் ஊராரிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான்.

கேட்டவள் பேத்தி. “பாட்டி, அலாஸ்காவுக்கு வரீங்களா? வடக்கே, ரொம்ப வடக்கே, எல்லாம் காடு.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: “வடக்கதானே போகணும்? தலைமன்னாருக்குப் போவமே. தங்கச்சி கப்பலேறுன எடத்த நான் பாத்ததே இல்ல.”

அந்தத் தங்கச்சி என் சித்தி. 1964 அக்டோபர் 30ஆம் தேதி ஸ்ரீமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று எழுதினார்கள். மிச்சப்பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இந்த நாடு வந்தது. சித்திக்கு அந்த நாடு வந்தது. 1974இல் கண்டி ரயில் நிலையத்தில் அவரை வழியனுப்பப் போனபோது எனக்குப் பதினைந்து வயது. ‘அழுகைக் கோச்சி’ என்று நம் சனங்கள் பெயர் வைத்த ரயில் அது. சன்னலுக்கு வெளியே நீண்ட சித்தியின் கையைப் பிடித்தபடி அம்மா மேடையின் முனைவரை ஓடினார். அதற்கப்பால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தலைமன்னார் என்பது அவருக்கு ஒரு சொல் மட்டுந்தான்.

சித்தி நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டம் ஒன்றில் மறுபடியும் கொழுந்து பறித்தார். கடிதங்கள் வந்தன. பிறகு குறைந்தன. 2009இல் இறந்துபோனார். அக்காவும் தங்கையும் மறுபடி சந்திக்கவே இல்லை.

1989இல், ஒப்பந்தத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கு, நான் அரைப்பக்கக் கட்டுரை எழுதினேன். மேலே சொன்ன எண்கள் எல்லாம் அதில் இருந்தன. சித்தியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்க” என்று சொன்னது நினைவிருக்கிறது.

அன்றிரவு தம்பிக்குச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்ப அந்தக் கப்பல்லயே அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போவோமே” என்றான். கப்பல் எங்கே இருக்கிறது? 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே தொடங்கிய சேவை அது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1984இல் போரோடு நின்றது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரில் ஒரு கப்பல் தொடங்கிச் சில நாளிலேயே நின்றிருந்தது. நாங்கள் திட்டமிட்ட காலத்தில் அதுவும் இல்லை. (2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது.) ஆகவே கடற்பயணத்துக்கு நெடுந்தீவு என்று முடிவு செய்தோம். பெரிய கப்பல் இல்லை, படகுதான். ஏழு நாள் இல்லை, ஒரு மணிநேரந்தான்.

இந்த மாதிரிப் பயணத்துக்கு வெளிநாட்டு வாசகர்களும் ஆசைப்படக்கூடும் என்பதால் திட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி, எப்போது? ஆகஸ்ட் விடுமுறை என்றால் நல்லூர்த் திருவிழா, மடுத் திருவிழா. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அறை கிடைப்பது அரிது. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று. தீவுப்பக்கக் கடல் கொந்தளிக்கும், படகை நிறுத்தும் நாட்களும் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயலும். மிஞ்சுவது பெப்ரவரி, மார்ச், ஏப்ரல். பள்ளி விடுமுறையைப் பார்த்தால் ஏப்ரல்தான். வெயில் கொளுத்தும்; ஆனால் கடல் அடங்கியிருக்கும். புத்தாண்டு நாட்களில் சாரதி கிடைக்கமாட்டார், கடையும் திறக்காது. ஆகவே சித்திரைப் பிறப்புக்குப் பின் மூன்றாம் நாள் புறப்படுவது என்று குறித்தோம்.

இரண்டாவது, எதில்? ரயிலில் போக எனக்கு ஆசை. தலைமன்னார்ப் பாதையைப் புதிதாகப் போட்டு 2015 மார்ச்சில் திறந்திருந்தார்கள். ஆனால் 2024 தொடக்கத்திலிருந்து மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே தண்டவாள வேலை நடந்தது. பத்துப் பேருக்கு ஒரு வேனை அமர்த்தினோம்.

மூன்றாவது, எவ்வழி? போகும்போது அநுராதபுரத்தில் இரண்டு இரவு. பிறகு மதவாச்சியில் இடப்புறம் திரும்பி ஏ-14 வழியாக மன்னார். அங்கும் இரண்டு இரவு. அங்கிருந்து ஏ-32 வழியாக, பூநகரியும் சங்குப்பிட்டிப் பாலமும் கடந்து யாழ்ப்பாணம். அங்கிருந்து ஒருநாள் நெடுந்தீவு. திரும்பும்போது ஏ-9 முழுவதும். மொத்தம் ஒன்பது நாள். தம்பி முதலில் ஆறு நாளில் அடக்கப் பார்த்தான். முதியவர்களுடன் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள்: ஒருநாள் வண்டி ஓடினால் மறுநாள் ஓடக்கூடாது. இந்த ஒரு விதியைக் காத்தால் மருந்துப்பெட்டியைத் திறக்க வேண்டியிருக்காது.

நான்காவது கேள்வியைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் கரடி வேண்டும். அதற்கு வில்பத்து இருக்கிறது. நாட்டின் மிகப்பெரிய தேசியப் பூங்கா. சுமார் 1,300 சதுர கிலோமீற்றர். ‘வில்லு’ என்னும் இயற்கைத் தடாகங்கள் நிறைந்தது. போரால் 1980களின் பிற்பகுதியில் மூடி, 2003இல் திறந்து, மறுபடி மூடி, 2010இல் திறந்தார்கள். அரைநாள் ஜீப் பயணத்தை அட்டவணையில் சேர்த்தேன். அம்மாவிடம், “காட்டுக்குள்ள போகலாம், சிறுத்தை பார்க்கலாம்” என்று சொன்னேன்.

“அந்தக் காட்டையா காசு குடுத்துப் பாக்கப் போறீங்க?” என்றார் அம்மா.

அப்போதுதான் அந்தக் கதையை முழுதாகச் சொன்னார். துண்டு துண்டாகக் கேட்டதுதான். ஒரே இருப்பில் கேட்டது அன்றுதான். அம்மாவின் அப்பாயி ஏழு வயதில் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்திறங்கி, தாய் தகப்பனோடு வன்னிக் காட்டை நடந்தே கடந்து மாத்தளைக்கு வந்தவர். 1890களில் நடந்தது. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்ட காலந்தொட்டு, தொண்டியிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் வந்தவர்கள் நடந்த பாதை அது. ஏறத்தாழ 150 மைல். தண்ணீர் இல்லை, இருந்த தண்ணீரில் வாந்திபேதி. எத்தனை பேர் வழியில் விழுந்தார்கள் என்று எவரும் எண்ணவில்லை. அப்பாயிக்கு ஒரு தம்பி; கைக்குழந்தை. காய்ச்சல் கண்டு ஒரு குளக்கரையில் இறந்துபோனது. கங்காணி நிற்கவிடவில்லை. மரத்தடியில் இலையைப் போட்டு மூடிவிட்டு நடந்தார்கள். எந்தக் குளம் என்று அப்பாயிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

வனம் என்றால் தம்பிக்கும் எனக்கும் பார்க்கப் போகும் இடம். எங்கள் வீட்டுக் கதையிலோ அது உயிரோடு கடந்து வரவேண்டிய இடம். ஒரே காடுதான். பிறகு அலாஸ்காக் குறிப்புகளைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. முதல் வாசிப்பில் தாண்டிச் சென்ற தகவல் அது. பயணிகள் மேல்தட்டில் நின்று பார்க்கும் அந்தப் பனிப்பாறைக் குடா, ஹூனா டிளிங்கிட் மக்களின் ஊர். 18ஆம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களை விரட்டியது. பிறகு பனி பின்வாங்கியது, குடா உண்டாயிற்று. அவர்களுக்கு அது இன்றும் மூதாதையர் வாழ்ந்த மண். ஆளில்லாக் காடு என்று நாம் நினைக்கும் இடங்களில் முன்பு எவரோ இருந்திருக்கிறார்கள்.

அட்டவணையை மாற்றினேன். வில்பத்து இருந்தது, பிள்ளைகளின் ஆசையும் ஆசைதான். அம்மா அன்று அறையில் ஓய்வெடுப்பார். அத்துடன் ஒரு வரி சேர்த்தேன்: ‘வழியில், அம்மா சொல்லும் இடத்தில் நிற்க வேண்டும்.’ எந்தப் பயண முகவரும் இப்படியொரு வரி போட்டுத் தரமாட்டார்.

2024 ஏப்ரல் நடுப்பகுதியில் புறப்பட்டோம். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். அன்று அப்பாயியின் நடைப்பயணம் முடிந்த ஊரில் எங்கள் பயணம் தொடங்கியது. முந்தைய ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளைக்கு நடந்தே வந்து சேர்ந்திருந்தார்கள். 16 நாள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வில்பத்துவில் சிறுத்தை தென்படவில்லை. ஒரு கரடியின் பின்புறத்தை மட்டும் பிள்ளைகள் பார்த்தார்கள். அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

மதவாச்சிக்கு அப்பால் அம்மா சன்னலோரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு குளத்துக்கும், “இது என்ன கொளம்?” என்று கேட்டார். சாரதிக்குச் சிலது தெரிந்தது, சிலது தெரியவில்லை. பேரன் பெயர்களைக் குறித்துக்கொண்டே வந்தான். பெயர் தெரியாத ஒரு சிறு குளத்தருகே, “இங்க நிப்பாட்டுங்க” என்றார். ஏன் அந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து பகலுணவு சாப்பிட்டோம். அம்மா ஒரு சோற்றுப் பொட்டலத்தை மட்டும் பிரிக்காமல் எடுத்துச் சென்று ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். பிறகு கைகழுவிவிட்டு, “போவம்” என்றார்.

தலைமன்னார்த் துறையில் பழைய இறங்குமேடை சிதைந்து நிற்கிறது. அருகில் வெளிச்சவீடு. மீன்பிடிப் படகுகள். ஒரு கடைக்காரர் பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டார். “எந்தப் பக்கம் ராமேஸ்வரம்?” என்று அம்மா கேட்டார். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் கை நீட்டிக் காட்டினார். எவ்வளவு தூரம் என்று அடுத்த கேள்வி. முப்பது கிலோமீற்றர் அளவில் இருக்கும் என்றேன்.

“நம்ம வீட்டிலருந்து மாத்தளைக்குப் போற தூரம்?”

“கொஞ்சம் கூட இருக்கும், அம்மா.”

“இவ்வளவு கிட்டவா?” என்றார். அவ்வளவுதான். முக்கால் மணிநேரம் அங்கே உட்கார்ந்திருந்தார். தம்பி சற்றுத் தள்ளி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் ஒருநாள் ஓர் விமானத்தில் ஏறிப் போனவன். அம்மா அவனுக்காகவும் ஒரு வாசலில் நின்றவர். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

நெடுந்தீவுப் பயணம் நன்றாகவே நடந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து காலைப் படகு. அம்மாவை இரண்டு கடற்படை இளைஞர்கள் கைகொடுத்து ஏற்றினார்கள். அந்தக் கடவையில்தான் 1985 மே 15ஆம் தேதி குமுதினிப் படகில் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அந்தச் செய்தி வந்த இரவு நான் மேசையில் இருந்தேன். படகில் வந்த பிள்ளைகள் நீரின் நிறத்தைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்த இரவில் சொன்னேன். சொல்லாமல் விட்டால் நானும் 1989 கட்டுரையைத்தான் மறுபடி எழுதுகிறேன் என்று தோன்றியது. தீவில் பவளக்கல் வேலிகளுக்கு அப்பால் காட்டுக்குதிரைகள் மேய்ந்தன. பெருக்க மரத்தின் பொந்துக்குள் பிள்ளைகள் நுழைந்து வந்தார்கள். அம்மா படகின் ஆட்டத்தை ரசித்தார். “தங்கச்சி பயந்திருக்க மாட்டா” என்று தம்பி மனைவியிடம் சொன்னாராம்.

கடைசி நாள் ஏ-9 வழியாகத் திரும்பினோம். நான் தலைப்பெழுதிய ஊர்ப்பெயர்கள் எல்லாம் பெயர்ப்பலகைகளாகக் கடந்து போயின. மாலையில் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தது.

தம்பி அலாஸ்காவை விடவில்லை. போன மாதமும் பேசினான். இந்தத் தடவை முதலில் அம்மாவிடம் கேள் என்று தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பனி, கப்பல், கரடி, இரவில் வெளிச்சம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“அங்க யாரு இருக்காங்க?”

தம்பி என்ன பதில் சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.